காடு காத்த குடியும் குடி காத்த காடும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'கா' என்பது ஓரெழுத்து ஒருமொழி. சோலை என்பது அதற்கு ஒரு பொருள். காப்பாயாக என்பது மற்றொரு பொருள். ஒரே எழுத்தில் மரத்தொகுதியும் காவலும் அடங்கி நிற்கின்றன. காவல் இல்லாத சோலை சோலையாக நில்லாது என்பதை இவ்வோர் எழுத்தே நினைவுறுத்துகின்றது. ஆனால் அக் காவலைச் செய்ய வேண்டியவர் யார்? இன்றைய உரை இவ்வொரு கேள்வியைப் பற்றியதே.

உலகில் காட்டைப் பற்றி இரண்டு கருத்துகள் வலுவாக நிலவுகின்றன. காடென்பது வருவாய்க்குரிய பொருள். வெட்டி விற்றுப் பணமாக்க வேண்டியது என்பது ஒன்று. காட்டில் ஒரு மரத்தையும் தொடலாகாது. அங்கு வாழும் பழங்குடியினரையும் வெளியேற்றி வேலியிட்டால்தான் காடு பிழைக்கும் என்பது மற்றொன்று. முன்னது வணிகர் கருத்து. பின்னது நகரத்தில் அமர்ந்து காட்டை நினைப்பவர் கருத்து. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையெனத் தோன்றினாலும் ஓரிடத்தில் கைகுலுக்கிக் கொள்கின்றன. காட்டில் வாழும் குடிக்குக் காட்டைப் பேணத் தெரியாது என்று இரண்டுமே கருதுகின்றன.

இவ்விரு கருத்துகளையும் ஒருசேரப் பொய்யாக்கிய மக்களினம் ஒன்று உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்கள் தம் காட்டில் மரம் வெட்டி வந்துள்ளனர். வெட்டிய மரத்தை அறுத்து விற்று உண்டுள்ளனர். ஆயினும் அவர்கள் காடு சுருங்கவில்லை. முன்னிலும் அடர்ந்து நிற்கின்றது. அவர்கள் அமெரிக்க ஒன்றிய நாடுகளின் வடபகுதியில், விசுக்கான்சின் மாநிலத்தில் வாழும் மெனோமினி என்னும் பழங்குடியினர்.

மெனோமினி என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. ஏரிகளிலும் ஓடைகளிலும் நீரில் தானே விளையும் காட்டரிசியைத் திரட்டி உண்டவர்களாதலின், அண்டையில் வாழ்ந்த ஒசிபுவே இனத்தார் 'காட்டரிசி மக்கள்' என்னும் பொருள்பட அவர்களை அவ்வாறு அழைத்தனர். வெள்ளையர் அப்பெயரையே ஏடுகளில் எழுதினர். ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பரப்பில் அவர்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெள்ளையர் அரசு உடன்படிக்கை உடன்படிக்கையாக எழுதி அந்நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கிக் கொண்டது. வாங்கியது என்பது ஏட்டுச் சொல். பறித்தது என்பதே உண்மைச் சொல்.

1848ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, எஞ்சிய நிலத்தையும் விட்டுவிட்டு மேற்கே மின்னசோட்டாப் பகுதிக்கு அவர்கள் குடிபெயர வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பொழுது அவர்களுக்குத் தலைவராக விளங்கியவர் ஓசுகோசு என்பார். அவரும் உடன் சிலரும் 1850இல் அப்புது நிலத்தை நேரிற் சென்று பார்வையிட்டனர், அது தம் மக்கள் வாழத் தக்கதன்று என்று கண்டனர், குடிபெயர மறுத்தனர். அவ்வுறுதியின் விளைவாக 1854இல் ஓநாயாற்றங்கரை உடன்படிக்கை எழுந்தது. தம் பழைய நிலத்திலேயே 2,76,480 ஏக்கர் பரப்பு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஈராண்டு கழித்து அதில் ஒரு பகுதி வேறு பழங்குடியினர்க்கு விடப்பட்டது. இன்று அவர்கள் நிலம் ஏறத்தாழ 2,35,000 ஏக்கர். அதிற் பெரும்பகுதி காடு. ஒரு கோடியில் எஞ்சியது இவ்வளவே. அவ்வெச்சத்தை அவர்கள் என் செய்தனர் என்பதே கதை.

அதற்கு முன், அவர்களைச் சுற்றியிருந்த நிலம் என்னவாயிற்று என்பதைக் காண வேண்டும். வடவிசுக்கான்சினிற் பெரும்பரப்பு அந்நாளில் வானளாவிய வெள்ளைப் பைன் செழித்த காடு. சிக்காகோ முதலிய நகரங்கள் பலகை வேண்டின. மரவணிகர் கோடரியோடு வந்தனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குள் அப்பெருங்காடு தரைமட்டமாயிற்று. நல்ல அடிமரத்தை இழுத்துக்கொண்டு, கிளையையும் சருகையும் சிராயையும் தரையிலேயே விட்டுச் சென்றனர். அவை வெயிலிற் காய்ந்து வெடிமருந்தாயின. 1871ஆம் ஆண்டு அத்தோபர் 8ஆம் நாள் பெசுட்டிகோ என்னும் மரத்தொழிலூரைத் தீ விழுங்கியது. அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே இரவில் எரிந்தும் மூச்சடைத்தும் மாண்டனர். அதே நாளில் சிக்காகோ நகரும் எரிந்தமையால் உலகம் நகரத் தீயை நினைவிற் கொண்டது. காட்டுத் தீயை மறந்தது. காடு அழிந்த வெற்றுநிலத்தை, உழவுக்கு ஏற்றதென்று சொல்லி வந்தேறிகளுக்கு விற்றனர். மணலும் கல்லும் வேர்க்கட்டையும் நிறைந்த அந்நிலத்தில், குறுகிய கோடையில், விளைவு எங்ஙனம் கிடைக்கும்? உழவர் நொடித்தனர், வரி கட்ட மாட்டாமல் நிலத்தைக் கைவிட்டு அகன்றனர்.

மரவணிகர்க்கு இதனால் இழப்பில்லை. ஒரு காடு தீர்ந்தால் அடுத்த காட்டுக்குச் செல்வர். மெனோமினி மக்களோ அடுத்த காடு இல்லாதவர்கள். ஒரு கோடி ஏக்கரை இழந்து இரண்டரை இலக்கம் ஏக்கருக்குள் ஒடுங்கியவர்களுக்கு, அதுவும் போனால் போக்கிடம் ஏது? இங்கேதான் இரு கோடரிகளின் வேறுபாடு தொடங்குகின்றது. கோடரி ஒன்றே, மரமும் ஒன்றே, பிடித்த கை வேறு. வெட்டிவிட்டுப் போகின்றவன் கை ஒன்று. வெட்டிவிட்டு அங்கேயே வாழ்கின்றவன் கை மற்றொன்று.

மெனோமினி மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வெட்டுமுறை ஒன்றுண்டு. ஓசுகோசு வகுத்ததாகவும், பிற முன்னோர் வகுத்ததாகவும் அதனைக் கூறுவர். காட்டின் கீழ்க்கோடியில் தொடங்குக. முதிர்ந்த மரத்தையும் நோயுற்ற மரத்தையும் சாய்ந்த மரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கு நோக்கிச் செல்க. மேற்கு எல்லையை அடைந்தபின் திரும்புக. மறுபடியும் கிழக்கே வந்து சேர்வதற்குள் அங்கு விட்டுவந்த இளமரங்கள் முதிர்ந்து நிற்கும். இவ்வாறு செய்தால் காடு என்றும் தீராது. இதுவே அம்முறையின் சாரம். எழுத்தறிவற்றோர் என்று வெள்ளையரால் இகழப்பட்டோர் கொண்டிருந்த காட்டறிவு இது. பின்னாளில் கல்லூரிகளில் வனவியலார் கணக்கிட்டு எழுதியதும் இதனின் வேறன்று.

உழவர் குடியிற் பிறந்தார்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. விளைந்த நெல்லை உண்ணலாம், விதைநெல்லை உண்ணலாகாது. காட்டில் ஒவ்வோராண்டும் மரங்கள் சிறிது பருக்கின்றன, சிறிது உயர்கின்றன. காடு முழுவதிலும் அவ்வாறு கூடிய வளர்ச்சியே விளைச்சல். முன்பே நிற்கும் மரத்தொகுதியே விதைநெல். விளைச்சலின் அளவுக்கு உட்பட்டு வெட்டுகின்ற குடி என்றும் உண்ணும். அதற்குமேல் வெட்டுகின்ற குடி ஒரு தலைமுறை விருந்துண்டு மறு தலைமுறை பட்டினி கிடக்கும்.

இவ்வறிவு இருந்தும், தம் மரத்தைத் தாமே வெட்டும் உரிமை அவர்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. 1870களில், அதே மாநிலத்து மற்றொரு பழங்குடியினரான ஒனைடா மக்களின் மரம் பற்றிய வழக்கில், அமெரிக்கத் தலைமை முறைமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒதுக்கிய நிலத்தில் குடியிருக்கும் உரிமையே பழங்குடியினர்க்கு உண்டு. உழவுக்காக நிலந்திருத்தும்போது வெட்டிய மரத்தை விற்கலாமேயன்றி, விற்பதற்கென்றே மரம் வெட்டலாகாது. அம்மரம் அரசுக்குரியது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பாட்டன் காத்த மரம் பேரனுக்கு உரிமையில்லையாம்! உழுது காட்டை அழித்தால் முறையாம். காட்டைக் காத்து அதன் விளைவை உண்டால் குற்றமாம்!

மெனோமினி மக்கள் ஓயவில்லை. 1890இல் அமெரிக்கப் பேரவை அவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஆண்டொன்றுக்கு இரண்டு கோடி பலகையடிக்கு மிகாமல் அவர்களே வெட்டி அடிமரமாக விற்கலாம் என்று அது வரையறுத்தது. பலகையடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிப்புள்ள பலகையின் அளவு. சுற்றிலும் அளவே இல்லாமல் வெட்டிக் கொண்டிருந்த காலத்தில், அளவு வைத்து வெட்டிய காடு இது ஒன்றே எனலாம். 1905இல் பெருங்காற்று வீசி எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரம் மட்கிப் போகாமல் பயன்படவும், அடிமரமாக விற்பதை விடுத்துத் தாமே பலகையாக்கி விற்கவும் வழி தேடினர். 1908இல், விசுக்கான்சின் மேலவை உறுப்பினர் இலாபாலெட்டு என்பார் கொண்டுவந்த சட்டத்தின்படி அவர்கள் நிலத்திலேயே மர அறுவை ஆலை எழுந்தது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு ஓசுகோசின் மகன் நியோபிட்டின் பெயரே இடப்பட்டது. முதிர்ந்த மரத்தையே தேர்ந்து வெட்ட வேண்டும். ஆண்டு வெட்டின் அளவு இரண்டு கோடி பலகையடியைத் தாண்டலாகாது என்பன அச்சட்டத்தில் இடம்பெற்றன.

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்தைச் செயற்படுத்தும் ஆளுமை அம்மக்களிடம் இல்லை. நடுவணரசின் அலுவலரிடம் இருந்தது. நேர்ந்தது என்ன? ஆலைக்கு மரம் ஊட்டும் விரைவில், 1910 முதல் பதினைந்தாண்டுக் காலத்தில், பல்லாயிரம் ஏக்கரில் அவ்வலுவலர் முதிர்ந்தது இளையது என்று பாராமல் மொட்டையாக வெட்டச் செய்தனர். சட்டம் சொன்னதொன்று, கோடரி செய்தது வேறொன்று. காடறிந்த குடி கூலியாளாய் நின்றது. காடறியாத மேலாளர் கணக்கெழுதினர். அம்மக்கள் இதனை மறக்கவில்லை. 1935இல் வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பேரவையினிடம் பெற்று, அரசின் மேலேயே வழக்குத் தொடுத்தனர். 1951இல் அவ்வழக்கு முடிந்து, 85 இலக்கம் தாலர் இழப்பீடு அவர்களுக்குக் கிடைத்தது. தம் காட்டைத் தவறாக ஆண்டமைக்காக ஓர் அரசையே விலைகொடுக்க வைத்த பழங்குடியினர் வரலாற்றில் மிகச் சிலரே.

பெருமக்களே! இனி வருவது இதனினும் கொடிது. வென்ற பணமே அவர்களுக்கு வலையாயிற்று. அவ்விழப்பீட்டுப் பணம் அரசின் கருவூலத்திலேயே இருந்தது. ஆளுக்கு 1,500 தாலர் பகிர்ந்தளிக்குமாறு அவர்கள் வேண்டினர். யூட்டா மாநிலத்து மேலவை உறுப்பினர் வாட்கின்சு என்பார், அப்பணம் வேண்டுமானால் பழங்குடி என்னும் தனிநிலையை விட்டுவிட இசைய வேண்டும் என்று வற்புறுத்தினார். இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'விடுவிப்பு'. பழங்குடியினரை அரசின் காப்பினின்று விடுவித்து எல்லாரையும்போல் ஆக்குதலாம்! சொல்லளவில் விடுதலை, பொருளளவில் முடித்துவைத்தல். 1954 சூன் 17ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அச்சட்டத்திற் கையெழுத்திட்டார். 1961இல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்நாள்வரை தம் மருத்துவமனை, பள்ளி, காவல் முதலியவற்றின் செலவிற் பெரும்பகுதியை மர வருவாயினின்று தாமே ஏற்று வந்த இனம் அது. பிறரிடம் கையேந்தாத அத்தன்மையே, 'இவர்கள் தனித்து நிற்கத் தகுதியுற்றவர்கள்' என்று காட்டி அவர்கள் காப்பை நீக்கக் கரணியம் ஆயிற்று. அவர்கள் நிலம் தனியொரு மாவட்டமாக்கப்பட்டது. பொதுநிலம் குழுமம் ஒன்றன் உடைமையாயிற்று. மக்கள் பங்குதாளர் ஆயினர். இதுவரை வரியில்லாத காட்டின்மேல் வரி விழுந்தது. சேமிப்புக் கரைந்தது. மருத்துவமனை மூடப்பட்டது. மாநிலத்திலேயே வறுமை மிக்க மாவட்டம் என்னும் பெயர் வந்து சேர்ந்தது. குழுமத்தின் வாக்குரிமையோ மக்களிடம் நேராக இல்லை. வாக்குப் பொறுப்பாளர் சிலரிடம் சென்றது. பெரும்பான்மை வாக்கைச் செலுத்தும் நிலையில் வெளியாரே இருந்தனர்.

வரி கட்டப் பணம் வேண்டும். மரத்தை மிகுதியாக வெட்டலாம். அன்றி நிலத்தை விற்கலாம். 1960களின் இறுதியில் குழுமத்தை நடத்தியோர் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். நிலவணிகருடன் கூட்டுச் சேர்ந்து, சிற்றேரிகளை அணையிட்டு இணைத்துச் செயற்கைப் பேரேரியாக்கி, கரையை மனைகளாகக் கூறுபோட்டு, கோடை மாளிகை கட்ட விரும்பிய வெளியூர்ச் செல்வர்க்கு விற்றனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோடரிக்குத் தோற்காத நிலம், பத்திரத்தாளுக்குத் தோற்கத் தொடங்கிற்று.

அப்பொழுதுதான் மக்கள் எழுந்தனர். 1970இல் உரிமைக்கும் ஒற்றுமைக்குமான இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். மனை விற்பனை நடக்கும் இடங்களில் மறியல் செய்தனர். 1971இல் தம் ஊரிலிருந்து மாநிலத் தலைநகராகிய மாடிசன் வரை நெடுநடை நடந்து சென்று முறையிட்டனர். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஏடா டியர் என்னும் பெண்மணி. அவ்வினத்தின் நிலத்தில் மரக்குடிலிற் பிறந்து வளர்ந்து, கல்லூரிக் கல்வி பெற்று, தலைநகர் வாசிங்டன் சென்று பேரவை உறுப்பினர்களைக் கண்டு வாதாடினார். 1973 திசம்பர் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் மெனோமினி மீட்புச் சட்டத்திற் கையெழுத்திட்டார். எழுதிய சட்டத்தை அரசே அழித்து எழுத நேர்ந்தது. 1975இல் நிலம் மீண்டும் இனத்தின் பொதுநிலமாயிற்று. ஏடா டியர் பின்னர் 1993இல் அமெரிக்கப் பழங்குடியினர் துறைக்கே தலைமையேற்ற முதற்பெண்மணியாகத் திகழ்ந்து, 2023இல் மறைந்தார். விற்ற மனைகள் பலவற்றில் வெளியார் இருந்துவிட்டனர், அத்தழும்பு மாறவில்லை. ஆனால் காடு கைக்குத் திரும்பியது.

இனி, அக்காட்டை அவர்கள் எங்ஙனம் பேணுகின்றனர் என்பதைச் சிறிது நுணுகிக் காண்போம். ஏனெனில், காட்டைக் காதலித்தால் மட்டும் காடு நில்லாது. காட்டைக் கற்கவும் வேண்டும்.

காட்டைப் பகுதிகளாக வகுத்துள்ளனர். ஒரு பகுதியில் ஒருமுறை வெட்டினால், கடினமரக் காட்டில் ஏறத்தாழ 15 ஆண்டு கழித்தே மறுமுறை அங்கே வெட்டு நிகழும். அதற்குமுன் காட்டறிஞர் சென்று எம்மரம் வீழத்தக்கது, எம்மரம் நிற்கத்தக்கது என்று குறியிடுவர். குறியிட்ட மரத்தையே வெட்டலாம். காட்டுள் ஆங்காங்கே நிலையான அளவைத் திட்டுகள் உண்டு. அவற்றிலுள்ள மரங்களின் பருமனையும் உயரத்தையும் காலந்தோறும் மீள அளந்து, காடு எவ்வளவு வளர்ந்துள்ளது என்று கணிக்கின்றனர். அக்கணக்கே வெட்டின் அளவை முடிவு செய்கின்றது. இங்கே ஒரு நுட்பம். உலகில் பெரும்பாலும் ஆலை கேட்பதைக் காடு கொடுக்கும். மெனோமினி நிலத்தில் காடு கொடுப்பதை ஆலை அறுக்கும். சந்தையில் மேப்பிளுக்கு விலை ஏறினும் காட்டில் பைன் வெட்டும் முறை வந்திருந்தால் பைனே வரும். இதனால் வணிக ஊதியம் குறைவதுண்டு. அதை அறிந்தே ஏற்றுள்ளனர்.

எல்லா மரத்துக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதையும் அவர்கள் கண்டுள்ளனர். சருக்கரை மேப்பிள் நிழலிலும் முளைத்து வளரும். ஆதலின் அங்கே ஒவ்வொரு மரமாகத் தேர்ந்து எடுத்தால், திறந்த சிறு இடைவெளியில் கீழிருக்கும் கன்றே மேலெழும். வெள்ளைப் பைனுக்கு ஓரளவு வெயில் வேண்டும். ஆதலின் தாய்மரம் சிலவற்றை நிழற்குடையாகவும் வித்துத் தருவனவாகவும் நிறுத்தி, பிறவற்றை நீக்கி, கன்று வேரூன்றியபின் தாய்மரத்தையும் எடுப்பர். ஆசுபென் முழு வெயிலை விரும்புவது; அங்கே சிறு பரப்பை ஒருசேர வெட்டினால் வேரிலிருந்தே ஆயிரமாயிரம் தளிர் வெடிக்கும். எங்கும் ஒரே முறையில் ஒவ்வொன்றாகவே எடுத்தால் நிழல் தாங்கும் மரமே எஞ்சி, வெயில் வேண்டும் மரவகைகள் அருகிப் போகும். முப்பதுக்கு மேற்பட்ட மரவகை அக்காட்டில் இன்றும் நிலவுதற்கு இவ்வறிவே கரணியம்.

மறுநடவைப் பற்றியும் ஒரு சொல். 'ஒன்று வெட்டினால் பத்து நடுவோம்' என்று முழங்குவோர் எங்கும் உளர். மொட்டையாக வெட்டிவிட்டு, விரைந்து வளரும் ஒரே வகைக் கன்றை வரிசை வரிசையாக நட்டால் அது காடாகாது, மரப்பயிர் ஆகும். ஒரு நோய் வந்தால் ஒருசேரச் சாகும். மெனோமினி மக்கள் பெரும்பாலும் தாய்மர வித்திலிருந்தே காடு தானாக எழ விடுகின்றனர். காடு தன்னால் மீள மாட்டாத இடத்தில் மட்டுமே கைநடவு செய்கின்றனர். தரையைக் கிளறியும், அடங்கிய தீயிட்டும் பைன் வித்து ஊன்ற இடம் செய்கின்றனர். மறுநடவு என்பது வெட்டிய குற்றத்துக்குக் கழுவாய் அன்று. வெட்டுமுன்பே எண்ணி வைத்த அடுத்த விளைச்சல்.

இவற்றால் விளைந்ததென்ன? 1854இல் அந்நிலத்தில் நின்ற மரம் ஏறத்தாழ 120 கோடி பலகையடி என்று கணித்துள்ளனர். அதன்பின் இதுவரை வெட்டியெடுத்தது 200 கோடி பலகையடிக்கு மேல். அஃதாவது, முதலில் இருந்த காடு முழுவதையும் ஒருமுறைக்கு மேல் வெட்டி விற்றுவிட்டனர். இன்று நிற்பதோ 150 கோடி பலகையடிக்கும் மேல்! வானிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படத்தில், வெளிறிய வயல்வெளிகளுக்கு நடுவே கட்டம் வரைந்தாற்போல் கரும்பச்சையாக ஒரு நிலம் தெரிகின்றது. அதுவே மெனோமினி நிலம். அதன் எல்லைக்கோட்டை வரைந்தது எழுதுகோலன்று. காட்டைப் பேணிய கை. 1990களில் நெறிமுறையோடு பேணப்படும் காடு என்னும் உலகச் சான்றை நாட்டில் முதன்முதற் பெற்ற காடுகளுள் அதுவும் ஒன்று.

இதனால் அவர்கள் செல்வத்திற் கொழிக்கின்றனர் என்று எண்ணிவிடலாகாது. வறுமை அங்கே இன்னும் நீங்கவில்லை. மரவருவாய் மட்டும் எல்லார்க்கும் போதவில்லை. கருவாலி எனப்படும் ஓக்கு மரங்களை வாடல் நோய் வீழ்த்துகின்றது. நோயுற்ற மரத்தையும் அண்டை மரத்தையும் நீக்கி, வெளியான இடத்தில் மீள நட வேண்டியுள்ளது. 2007 சூன் திங்களில் சுழற்காற்று ஒன்று அக்காட்டினூடே கிழித்துக்கொண்டு சென்றது. தட்பவெப்பம் மாறி வருதலால், எம்மரம் நாளை நிலைக்கும் என்னும் கணக்கும் மாறுகின்றது. காடு காத்தல் ஒருநாள் வெற்றியன்று. நாள்தோறும் செய்யும் கடமை. ஆயினும் பக்கத்து நிலத்தார் ஒரு தலைமுறையில் உண்டு தீர்த்ததை இவர்கள் ஆறேழு தலைமுறையாக உண்டும் பேரப் பிள்ளைகளுக்கு வைத்துள்ளனர். இதனை ஏழ்மை என்று சொல்ல நாக் கூசும்.

தமிழ்ப் பெருமக்களே! இவ்வரலாறு உணர்த்தும் உண்மை என்ன? மெனோமினிக் காட்டிற்கு இருமுறை பேரிடர் வந்தது. ஒருமுறை அரசலுவலர் ஆலைக்காக மொட்டையடித்தனர். மறுமுறை குழுமத்தார் வரிக்காக மனைபோட்டு விற்றனர். இரண்டிலும் கெட்டது கோடரியாலன்று. எதனை வெட்டுவது, எதனை விடுவது, எதனை விற்பது என்று முடிவு செய்யும் உரிமை, அம்முடிவின் பயனை நுகர வேண்டியவர் கையிலிருந்து நழுவியதாலேயே கெட்டது. அவ்வுரிமை திரும்பியபோது காடும் திரும்பியது. தவறான முடிவு செய்யும் அலுவலர் இடம் மாறிப் போவார். குழுமத்தார் கணக்கை முடித்துக்கொண்டு போவர். காட்டுக் குடிக்கோ போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாதவனே நாளையை எண்ணி வெட்டுவான். ஆதலின், காட்டுக்குத் தக்க காவலன் அதனைவிட்டுப் போகாதவனே.

உரிமை மட்டும் போதுமா எனின், போதாது. உரிமையோடு அறிவும், அறிவோடு அளவும் வேண்டும். அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும். விலை ஏறும்போதும் வெட்டாமல் நிற்கும் அடக்கம் வேண்டும். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த குடி, எத்துணைச் சிறிதாயினும், எத்துணை வறிதாயினும், தன் நிலத்தில் நிமிர்ந்து நிற்கும். அவ்வாறன்றி, உரிமையைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காட்டையும் நிலத்தையும் காக்குமாறு வேண்டி நிற்கும் குடி, வேலியைக் களவாளனிடம் ஒப்படைத்துவிட்டு விளைச்சலை எதிர்பார்க்கும் உழவனையே ஒக்கும்.

இன்று அக்காட்டில் வீழும் முதுமரம் பாட்டன் விட்டுவைத்தது. இன்று முளைக்கும் கன்றோ இனிப் பிறக்கப் போகின்றவனுக்கு உரியது. நடுவில் நிற்பவன் உடையவன் அல்லன்; காவலனே. நிலத்தையும் மொழியையும் வழிவழிப் பெற்ற எம்மக்களினமும் உணர வேண்டிய உண்மை இஃது. உணர்க! உணர்ந்து காக்க!